உன்னைத்தான் கேட்டேன்

பிரசங்கம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டியபோது ஹெலினாவுக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று வலிக்க ஆரம்பித்தது. ஆலயத்தின் இடதுபுறம், முதல் இரண்டு பெஞ்சுகளுக்கு எதிரே நின்று, போதகர் கிறிஸ்துதாஸ் வாயால் சொல்வதையெல்லாம் அவள் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெஞ்சுகளில் இருந்த பதினான்கு பேருக்கும் காது கேட்காது. எல்லோரும் அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகடு அடிக்கிற ஒரே பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள். போதகர் நல்ல மனிதர்தான். பேச ஆரம்பித்தால் முடிக்கத்தான் தெரியாது. "எத்தனை தடவ சொன்னாலும் நமக்கு ஏறுதா? செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி..." என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். ஹெலினாவின் கைகள் காற்றில் நின்றன. பிறகு, பாறைமேல் பெய்த மழை என்று மாற்றிச் சொன்னாள். பதினான்கு பேரும் ரொம்பச் சரி என்பதுபோலத் தலையாட்டினார்கள்.

பி.காம். முடித்ததும் அவளோடு படித்தவர்கள் கம்பெனி வேன்களில் ஏறிக்கொண்டார்கள். ஹெலினா சைகை மொழி படிக்கப் போனாள். கல்லூரியின் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்திலிருந்து காது கேளாதோர் பள்ளிக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொண்டுபோனபோது, ஒரு சின்னப் பெண் அவள் கையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டது. ஹெலினாவுக்குப் புரியவில்லை, சிரித்து மழுப்பிவிட்டு வந்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கூசும். இப்போது அதே பள்ளியில்தான் வேலை. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. "காலேஜு படிச்சிட்டு கைய ஆட்டிக்கினு கீறியேடி, சேவைய லீவு நாள்ல செஞ்சா ஆவாதா?" என்று நெமிலிச்சேரி வீட்டில் அம்மா ஞானகுமாரி கேட்காத நாள் இல்லை. வேலைநேரம் போக மிச்சத்தைக் கொடுப்பதற்குப் பெயர் விசுவாசமா என்று ஹெலினாவுக்குத் தோன்றும். அதை அம்மாவிடம் சொன்னால் பதிலுக்கு அரிசி விலையைச் சொல்வாள்.

பெஞ்சுகளில் இருந்த எல்லோருமே கிறிஸ்தவர்கள் என்றில்லை. டில்லிபாபு நெற்றியில் விபூதியோடுதான் வருவான். வாரம் முழுக்க யாரும் அவனோடு ஒரு வாக்கியம் முழுசாகப் பேசுவதில்லை. இங்கே ஒருத்தி இரண்டு மணி நேரம் பேசுகிறாள், அதற்காக வந்தான். காது கேளாதவர்கள் பழகியவர்களுக்கெல்லாம் சைகையில் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். கன்னக்குழியில் விரல் வைத்துக் காட்டினால் ஹெலினா. அந்தப் பெயரை வைத்தவன் டில்லிபாபுதான்.

ஆராதனை முடிந்ததும் போதகரின் அறையில் ஒருவர் காத்திருந்தார். பிரஸ் ஷாப்பின் எச்.ஆர். மேனேஜர் சரவணக்குமார்.

"ஆட்டோமேட்டிக் லைன் வருதும்மா. இனிமே அந்த வேலைக்கு ஆள் தேவையில்ல. நாளைக்கு மீட்டிங். நீங்க வந்து அவங்களுக்கு எடுத்துச் சொல்லணும்."

"என்ன சொல்லணும் சார்?"

"மூணு மாசம் லீவு, மெஷின் மாட்டி முடிச்சதும் கூப்பிடுவோம், இதுல ஒரு கையெழுத்து போடுங்கன்னு."

"கூப்பிடுவீங்களா?"

சரவணக்குமார் டீயை ஊதினார். "உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? கூப்பிட மாட்டோம். அது ராஜினாமா லெட்டர். அப்படியே சொன்னா கேஸு, கோர்ட்டுன்னு இழுக்கும். நான் சொன்னா சந்தேகப்படுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. சாமி வார்த்தையச் சொல்ற கை இல்லையா?"

பாராட்டாகத்தான் சொன்னார். ஹெலினா தன் கைகளைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவர் போனபின் போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் வாயிலருந்து வர்றத நீ சொல்லு, அவ்வளவுதான். மொழிபெயர்க்கிறவளுக்குப் பாவம் இல்லம்மா. இந்தப் பசங்களுக்கு வேலை கேட்டு நான் எத்தனை ஷெட்டு ஏறி இறங்கினேன்னு உனக்குத் தெரியும். இந்தக் கம்பெனிக்காரங்களப் பகைச்சுக்கிட்டா, நாளைக்கு எந்தக் கம்பெனி என் சிபாரிச மதிக்கும்?"

"பொய்னு தெரிஞ்சே சொன்னா, ஐயா?"

"ஜெபம் பண்ணிக்கோ" என்றார் போதகர்.

வீட்டுக்குப் போய் டில்லிபாபுவுக்கு வீடியோ கால் போடப் போனை எடுத்தாள். ஒரு அறையில் கேட்டதை இன்னொரு அறைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று படிப்பில் சொல்லிக்கொடுத்த விதி நினைவுக்கு வந்தது. போனைக் கீழே வைத்தாள். நல்ல விதிதான். ஆனால் அதற்குப் பின்னால் தான் ஒளிந்துகொள்வது அவளுக்கே தெரிந்தது. பயமாகவும் வெட்கமாகவும் இருந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்றால், போர்டில் 'லீவு' என்று எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

மறுநாள் கேண்டீனில் மீட்டிங். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ்கள் தடதடத்து மேஜைமேல் டம்ளர்கள் ஆடின. இந்தக் காதடைக்கும் சத்தத்துக்குத்தான் இவர்களைத் தேடி வேலைக்கு எடுத்தார்கள். கெடுவதற்குக் காது இல்லை, அரட்டை இல்லை, சங்கம் இல்லை. சரவணக்குமார் பேசினார். இத்தனை வருடம் உழைத்ததற்கு நன்றி, மூன்று மாதம் லீவு, கட்டாயம் கூப்பிடுவோம். ஹெலினா ஒரு சொல் விடாமல் கையால் சொன்னாள். கட்டாயம் என்கிற சைகை வந்தபோது மட்டும் கை கனத்தது.

ஆளுக்கொரு தாளும் பேனாவும் வந்தன. தாள் முழுக்க ஆங்கிலம். டில்லிபாபு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தான். "இது நிஜமா?" என்று கையால் கேட்டான்.

"நிஜமான்னு கேட்கிறார் சார்."

"ஆமான்னு சொல்லும்மா."

ஆமாம் என்கிறார், என்று ஹெலினா சைகை செய்தாள்.

டில்லிபாபு தலையை ஆட்டினான். சரவணக்குமாரைக் காட்டி, இவரை இல்லை என்று விரலை அசைத்தான். பிறகு தன் கன்னத்தில், குழி விழுகிற இடத்தில் விரலை வைத்தான். "உன்னைத்தான் கேட்டேன்."

மற்ற பதின்மூன்று பேரும் பேனாவோடு அவளைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற அதே பார்வை. ஹெலினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கை நடுங்கும், கை நடுங்கினால் பேச்சு குழறும். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "நிஜம் இல்லை. திரும்பக் கூப்பிட மாட்டார்கள். இது ராஜினாமா. நேற்றே எனக்குத் தெரியும்."

பேனாக்கள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. டில்லிபாபு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றே என்கிற சைகையை ஒரு தடவை தானும் செய்து பார்த்தான்.

"என்ன சொன்னீங்க?" சரவணக்குமார் எழுந்துவிட்டார். அந்த அறையில் அப்போது ஒன்றும் விளங்காதவர் அவர் ஒருவர்தான்.

"நீங்க நேத்து என்கிட்ட சொன்னதச் சொன்னேன் சார்" என்றாள் ஹெலினா.

அடுத்த நாள் காலையில் பதினான்கு பேரையும் கேட்டுக்குள் விடவில்லை. மாலையில் போதகர் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "கமிட்டியில ரொம்பப் பேசறாங்கம்மா. சபைக்குள்ள எதுக்குப் பிரச்சனை? கொஞ்ச நாளைக்கு அந்தச் சைகை ஊழியம் வேண்டாம்."

"அவங்க வந்தா யார் சொல்லுவா ஐயா?"

"வந்து உட்காரட்டும். கர்த்தருக்குத் தெரியும்."

ஹெலினா பள்ளி விட்டதும் தினமும் ரயிலேறி அம்பத்தூருக்கு வந்தாள். கேட்டுக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் பதினான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். 'வேலை கொடு' என்று அட்டையில் எழுதி மரத்தில் சாய்த்திருந்தார்கள். வக்கீல் ஒருவர் கேஸை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவரிடம் பேசவும் அவள்தான் வேண்டும். ஆள் தேவையில்லை என்ற அதே கேட்டுக்குள் புது ஆட்கள் போய்வந்தார்கள். டில்லிபாபு இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தன் சோற்று டப்பாவின் மூடியில் கொஞ்சம் போட்டு அவள் பக்கம் நகர்த்தினான். அதைச் சாப்பிடும்போதுதான் அவள் அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் கையில் கம்பெனி வாங்கிய கோர்ட் உத்தரவு இருந்தது.

"இன்னாம்மா, நீதான் இவங்களுக்கு லீடரா?"

"இல்ல சார். நான் எடுத்துச் சொல்றவ."

"அப்ப சொல்லு. புரியுற மாதிரி சொல்லு." அவர் தாளைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி உரக்கப் படித்தார். "கம்பெனி வாசல்லேர்ந்து நூறு மீட்டருக்குள்ள கோஷம் போடக் கூடாது. மைக் வெச்சுப் பேசக் கூடாது. கூச்சல் போட்டு கம்பெனிக்கு இடைஞ்சல் பண்ணக் கூடாது. மீறினா அரெஸ்ட்டு."

பதினான்கு பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். இவர்களில் யாருக்கும் கோஷம் போடக் குரல் கிடையாது என்று ஹெலினா சொல்லப் பார்த்தாள். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. உத்தரவுல இன்னா கீதோ அத சொல்லு" என்றார் அவர்.

ஹெலினா அவர்கள் பக்கம் திரும்பி, ஒற்றை விரலை உதட்டின்மேல் வைத்தாள்.

தனக்குத்தான் சரியாகப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்ட டில்லிபாபு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.