மாயவனுக்குக் காது எட்டவில்லை

அரியலூர் டவுனில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமையாசிரியர் சிங்காரவேலு சார் ஒருவர், நான் ஒருத்தி. ஒரு பிள்ளை நின்றாலும் இரண்டாவது ஆசிரியர் எதற்கு என்று கேட்டுவிடுவார்களோ என சார் எப்போதும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பார். எனக்கு ஆண்டாயி நின்றுவிடக்கூடாது, அவ்வளவுதான்.

ஆண்டாயி மூன்றாம் வகுப்பு. பள்ளியிலேயே திக்காமல் வாசிக்கிறவள் அவள்தான். அவளுடைய அம்மா இருசம்மாள் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போகிறவள். சின்னவன் மாயவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், மகளை நிறுத்திவிடுவதாக வந்து சொன்னாள்.

"நிறுத்தாத இருசம்மா. அவனயும் தூக்கிட்டு வரச்சொல்லு" என்றேன்.

அன்றிலிருந்து மாயவன் அக்காவின் இடுப்பில் பள்ளிக்கு வந்தான். மூக்கு ஒழுகும், சிலேட்டை நக்குவான், ஆனால் அழமாட்டான்.

எழுபத்தெட்டு ஜூலையில் இன்ஸ்பெக்டர் தர்மராஜ் வந்தார். சிடுமூஞ்சி என்று கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததும் நம்பினேன். ஆண்டாயியை வாசிக்கச் சொன்னார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுந்து ஒரு பக்கத்தை மளமளவென்று வாசித்தாள்.

"நல்லா வாசிக்கிற. இடுப்புல யாரு?"

"தம்பி சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "இது பள்ளிக்கூடமா, பாலவாடியாம்மா? சேராத பிள்ளைய வகுப்புல வச்சுக்கக் கூடாது. நாளையிலேருந்து இவன் வரவேணாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இவன் வரலேன்னா இவளும் வரமாட்டா சார்."

சிங்காரவேலு சார் வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். ஆண்டாயி தம்பியை இறக்கி நிறுத்தினாள்.

"அப்ப இவனயும் சேத்துக்குங்க சார்."

ஐந்து வயதாகிவிட்டதா என்று பார்க்க எங்களிடம் இருந்த அளவு ஒன்றுதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். பிள்ளை சேர்க்கும் ஜூன் மாதம் முழுக்க அதை வேடிக்கை பார்த்தவன் மாயவன். யாரும் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டான். கை உச்சந்தலையோடு நின்றுபோனது.

"சாய்டா, தலைய சாய்டா" என்று ஆண்டாயி அவன் தலையைப் பிடித்து அழுத்தினாள். அப்போதும் எட்டவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இவன விட்டுட்டு நான் எப்புடி சார் வர்றது?"

இன்ஸ்பெக்டர் குனிந்து மாயவனின் கையைத் தானே பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"எட்டல. சேக்க முடியாது" என்றார் என்னிடம். நான் வாயைத் திறப்பதற்குள், "எட்டுற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

சிங்காரவேலு சார் அவரை வழியனுப்ப ஓடினார். ஆண்டாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். மாயவன் மட்டும் மணி அடிக்கும்வரை காதைத் தேடிக்கொண்டே இருந்தான்.