பத்தடி தூரத்துத் தட்டி

தட்டி கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது, இடது பக்க மூங்கில் மண்ணில் இறங்கிவிட்டது, ஆனால் அதை யார் கவனிக்கப் போகிறார்கள், பந்தலுக்குள் நுழைகிறவர்களின் கண் நேராக அதில் வரைந்த அந்தக் கிழவியின் முகத்துக்குத்தானே போகிறது... விரித்துப் போட்ட தலை, சிவந்த கண், காதிலிருந்து தோளைத் தொடும் தண்டட்டி, கையில் துருப்பிடித்த அரிவாள், அதன் கீழே தொப்புள்கொடியோடு ஒரு பச்சைக் குழந்தை. ஜோதிமணி நாற்காலியை இன்னும் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ரெட்டியார்சத்திரத்துக் கண்காட்சியில் சுகாதாரத்துக்கு ஒதுக்கியது இந்த மூலைதான், ஒரு பக்கம் பரிசு வாங்கிய பூசணிக்காய்கள், இன்னொரு பக்கம் உரமூட்டைகள், நடுவில் கொடி அறுத்த புண்ணில் வரும் ரணஜன்னியில் செத்துப்போன குழந்தைகள். இரண்டு வருஷ உழைப்பு. வெள்ளைச் சேலையும் தோல்பையுமாக ஊர் ஊராக நடந்தது, ஒவ்வொரு வாசலிலும் நின்று, உங்க வீட்டுல பிறந்து எட்டாம் நாள் வாய் பூட்டிக்கிட்டு, உடம்பு வில்லாட்டம் வளைஞ்சு செத்த பிள்ளை உண்டா என்று கேட்டது... அதை ஒரு நர்சிடம் யார் சொல்வார்கள்? ராமுத்தாய் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள்தான் சுற்றுவட்டாரத்துக்கு ஒரே மருத்துவச்சி. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை, எதால் கொடியை அறுத்தது, மேலே சாணிச் சாம்பல் வைத்ததா இல்லையா, ஒன்றையும் மறைக்கவில்லை, தன் கையில் போனதையும் சேர்த்தே சொன்னாள், எதற்காக மறைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்காது. கூடவே நடந்து வந்தாள், பேச மறுத்த வீடுகளில் முன்னால் போய் உட்கார்ந்து, இந்த நர்சு நம்ம பிள்ளை, சும்மா சொல்லு என்றாள். கொதிக்கவைத்த பிளேடையும் துணியையும் ஜோதிமணி ஒருமுறைதான் காட்டினாள், போன மழைக்கு முன்பே ராமுத்தாய் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டாள், அதற்கப்புறம் அவள் கையில் ஒரு பிள்ளையும் போகவில்லை. ஆராய்ச்சியின் முடிவே அதுதானே? அரிவாளும் சாம்பலும் கொன்றன, பிளேடு காப்பாற்றியது. காப்பாற்றிய அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசி யார் கையில் பிறந்தன? அது தட்டியில் எங்கே இருக்கிறது? கீழே ஒரு ஓரத்தில், கலெக்டர் ஐயாவுக்கு நல்வரவு சொல்லும் வரிக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் உயரத்துக்கு இரண்டு கம்பங்கள், அரிவாள் சாவுக்கு ஒன்று பெரிதாக, பிளேடுக்கு ஒன்று சிறிதாக. குனிந்து பார்த்தவர் இதுவரை எவருமில்லை.

முதலில் ஜோதிமணியே வரைந்த படம் வேறு. வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மையில் ஏறி இறங்கும் ஒரு கோடு, மாதம் கீழே, சாவு பக்கவாட்டில், எத்தனை மாலை உட்கார்ந்து போட்டாள்... ஊர்ப் பெண்களிடம் விரித்துக் காட்டியபோது ஒருத்தி, இது சிறுமலையா நர்சம்மா என்று கேட்டாள். ராமுத்தாயும் உற்றுப் பார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பெருமாள்சாமி டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, அதையாவது ஒத்துக்கொள்ள வேண்டும். “தட்டின்னா பத்தடி தூரத்துல நிக்கிற படிக்காதவங்களுக்கும் சட்டுனு பிடிபடணும்மா. கொல்றது யாருன்னு முகம் தெரியணும்” என்றார். யார் இல்லையே டாக்டர், எது என்றுதானே கண்டுபிடித்தோம்... சொன்னாளா? மனதுக்குள் சொன்னாள். வெளியே சொன்னது, அடுப்பில் கொதிக்கும் சட்டியையும் பிளேடையும் போடலாமா என்பதுதான். சட்டியைப் போட்டால் சமையல் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார். அவர் சொன்னது சரி என்பதுதான் உறுத்துகிறது. நாகல் நகரில் சினிமாத் தட்டி எழுதும் பக்ருதீனிடம் கொடுத்தார்கள், அவர் பார்த்த கிழவிகளெல்லாம் தண்டட்டி போட்டவர்கள், அதனால் போட்டார், அவரைச் சொல்லி என்ன? வேலை முடிந்ததும் தெருவின் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தாள். கண் தானாகப் போய் ஒட்டியது. நல்லா வந்திருக்குங்க என்று அவளேதான் சொன்னாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்... ஒரு நிமிஷமா, அதற்கு மேலேயா?

காலையிலிருந்து கூட்டம் குறையவில்லை. விளக்கமே தேவைப்படவில்லை, வருகிறார்கள், பார்க்கிறார்கள், பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொள்கிறார்கள், ஒருத்தி மண்ணை வாரித் தூற்றாத குறை. டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகுதான், வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில், பூசணிக்காய் வரிசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்தது. “ராமுத்தாயி, ஒன்னயத்தான் போட்டுருக்காக, போயிப் பாரு” என்றது ஒரு இளங்குரல். ஜோதிமணி நாற்காலியிலிருந்து எழுந்தாள். வரக்கூடாது, இந்தப் பக்கம் வரக்கூடாது என்று யாரை வேண்டினாளோ, அதற்குள் ராமுத்தாய் வந்து தட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். நின்று மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள், ஒரு பிரசவத்துக்கு வந்தவள் வயிற்றைப் பார்ப்பதுபோல.

“நல்லா வெளங்குது நர்சம்மா. முன்ன நீ போட்ட கோடு எனக்கு ஒண்ணும் வெளங்கல. இது வெளங்குது.”

அது நீங்க இல்லக்கா என்றாள் ஜோதிமணி. சொன்னதும் அந்த வார்த்தை எவ்வளவு மலிவு என்று தெரிந்தது, இல்லை என்றால் வேறு யார், எந்த ஊரில் இன்னொரு மருத்துவச்சி இருக்கிறாள்? மேலைத்தெருக் கண்ணம்மாளுக்கு இன்றோ நாளையோ வலி கண்டுவிடும் என்றாள் ராமுத்தாய், காலையில் இந்தத் தட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அந்த வீட்டார் தன்னை இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், மாமியாரே பார்த்துக்கொள்வாளாம். மாமியார்... அவள் எதை எடுப்பாள், அரிவாள்மனையா, கதிர் அறுக்கிற அரிவாளா?

“பிளேடாவது குடுத்தீங்களாக்கா?”

“குடுத்தேன். வாங்கல.”

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை, திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, தண்டட்டி இரண்டும் மறைய, பந்தல் வாசலை நோக்கி நடந்தாள். பின்னாலேயே போகவேண்டும், இப்போதே போனால் பொழுது சாய்வதற்குள் கண்ணம்மாள் வீட்டை எட்டிவிடலாம், நாமே கூடவே கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தி, இவள் கையில்தான் பிள்ளைகள் பிழைத்தன என்று சொல்லலாம், ஆனால் எத்தனை வாசலில் நிறுத்துவது, தட்டி நாளைக்குப் பாலசமுத்திரத்துக்குப் போகிறதாமே, டாக்டர் சொன்னாரே, அங்கேயும் யாரோ ஒருத்தி தண்டட்டி போட்டுக்கொண்டு... பையை எடுத்துவிட்டாள். அதற்குள் ஒரு கும்பல் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவளுக்கு ஏழு மாதம் இருக்கும், தட்டியையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு காலையிலிருந்து ஒருவரும் கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டாள். அப்ப எதாலதான் அறுக்கிறது?

சந்தோஷம்தான் முதலில் வந்தது. பையைக் கீழே வைத்தாள், பிளேடைச் சொன்னாள், கொதிக்கும் தண்ணீரைச் சொன்னாள், துணியைச் சொன்னாள், அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எந்த ஊர் என்று கேட்டால் மலையடிவாரத்தில் ஏதோ ஒரு ஊர், பஸ் போகாதது, ராமுத்தாய்தான் வழக்கமாகப் போவது.

“மருத்துவச்சி வேணாம்னா, எங்க ஊருக்கு நீங்க வருவீகளா?”

“வாரேன்” என்றாள் ஜோதிமணி. போக முடியாது என்று தெரிந்தே சொன்னாள், குரல் டாக்டருடையதைப்போலத் தெளிவாக, பந்தல் முழுக்கக் கேட்கும்படி வந்தது. வாசலில் கூட்டம் வழிவிடாமல் ராமுத்தாய் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது. காதில் விழுந்திருக்குமோ? விழுந்திருக்கக் கூடாது... இத்தனைக்கும் பிறகு மனம் முதலில் நினைத்தது அதைத்தான்.