உண்மையான தீவுக்காரி

என் புருஷன் விமலராஜ் யாழ்ப்பாணப் பட்டணத்துக்காரர். நான் நெடுந்தீவுக்காரி. இன்றைக்கும் என் கறியில் உப்புக் கூடிவிட்டால், தீவாருக்குக் கடல்தண்ணியே காணும் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் வைப்பார். இங்கே இத்தாலியில், பலெர்மோவின் பொலிதேயாமாச் சதுக்கத்தில் கந்தோர் கூட்டித் துடைக்கிற மனுஷனுக்குப் பட்டணத்துப் பவிசு மட்டும் இன்னும் இறங்கவில்லை. ஆகையால் அந்தப் புதன்கிழமை எங்கள் மகள் லக்ஷனா போனில் சொன்ன செய்தி எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

பெரிய கப்பல்களில் பலெர்மோவுக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் ஒரு சின்னக் கொம்பனியில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். முதல் மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். ஒரு பயணி முறைப்பாடு கொடுத்தாலும் வேலை போய்விடும். அன்று பார்த்து, அவர்களுக்குத் தன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு கொடுக்கிற சிஞோரா, அந்த வீட்டுக்கார அம்மா, வழுக்கி விழுந்துவிட்டாராம். பிள்ளை துறைமுகத்துக் காற்றுக்குள் நின்று கத்தினாள்.

"அம்மா, சமைக்க ஒரு இசொலானா வேணும். உண்மையான இசொலானாவா இருக்கவேணும்."

இசொலா என்றால் இத்தாலியனில் தீவு. இசொலானா என்றால் தீவுக்காரி. என்னைவிட உண்மையான தீவுக்காரிக்கு இந்தப் பட்டணத்தில் எங்கே போவது?

"இருக்கிறாள். எங்கடை வீட்டை கூட்டிக்கொண்டு வா" என்றேன்.

பல்லரோ சந்தைக்கு ஓடினேன். கணவாய் வாங்கினேன். பக்கத்து வங்காளிக் கடையில் தேங்காய் வாங்கினேன். புட்டு அவித்து, சம்பல் இடித்து, கணவாய்க் கறியை அடுப்பால் இறக்கவும் படியில் காலடிச் சத்தம் கேட்டது. தொப்பியும் கமராவுமாக ஒரு கூட்டம். அவர்களுக்கு முன்னால் கொடி பிடித்தபடி லக்ஷனா. என்னைத் தனியே கண்டதும் அவள் முகம் செத்துப்போனது. குசினிக்குள் இழுத்துப்போய், சிஞோரா எங்கே என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

அப்போதுதான் விளங்கியது. கப்பலில் கொடுத்த தாளில் போட்டிருந்தது "தீவின் பூர்வகுடி வீட்டில் ஒரு மதியம்" என்றாம். அவர்கள் தேடி வந்தது சிசிலிக்காரியை. சத்தியமாகச் சொல்கிறேன், பலெர்மோ இருக்கிற இந்தச் சிசிலியும் ஒரு தீவுதான் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. எங்கள் ஊரில் சைக்கிளை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கடல் வந்து மறிக்கும். இங்கே பொழுது விடிய பஸ் ஏறினால் பொழுதுபடவும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைத் தீவென்று யார் நினைப்பார்கள்?

சாப்பாட்டை மட்டும் ஒருவரும் குறை சொல்லவில்லை. வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கிழவர் கறியை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைக் காட்டி, இந்த அம்மாவின் குடும்பம் எத்தனை தலைமுறையாக இந்தத் தீவில் இருக்கிறது என்று லக்ஷனாவிடம் இங்கிலிஷில் கேட்டார். அவள் நினைத்திருந்தால் ஒரு பொய்யைச் சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. நான் எந்தத் தீவு, எப்படிப் பிழை நடந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். கிழவர் கரண்டியை வைத்துவிட்டார். இது ஏமாற்று, கப்பலுக்குப் போனதும் எழுதிக் கொடுப்பேன் என்றார். அப்படியென்றால் பூர்வகுடி எங்கே என்றும் கேட்டார்.

நான்தான், இங்கேதான் பிறந்தேன் என்றாள் லக்ஷனா.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பிள்ளையின் கண் கலங்கியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அகப்பையோடு எழும்பி, என் உடைந்த இத்தாலியனில், இவள் இங்கே பிறந்தவள், இவள்தான் இசொலானா என்றேன். கிழவருக்கு இத்தாலியன் தெரியாது, அகப்பை விளங்கியது. சிரிப்பு நின்றது. ஆனால் முகம் மாறவில்லை.

லக்ஷனா கொடியை எடுத்துக்கொண்டு அவர்களைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். வேலை போய்விட்டது என்றுதான் நான் ஜன்னலடியில் நின்றேன். என் வாய்தான் அவளுக்கு யமன். இருக்கிறாள் என்று சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

கீழே ஒரு மீன்காரன் வாசலை அடைத்து மோட்டார் வண்டியை நிறுத்திவிட்டுக் கதையளந்துகொண்டு நின்றான். லக்ஷனா எடுக்கச் சொன்னாள். அவன் கேட்கவில்லை. என்னிடம் காட்டமுடியாத கோபம் முழுவதையும் பிள்ளை அவன் தலையில் கொட்டினாள், சுத்தச் சிசிலியன் பேச்சில், ஐந்து விரலையும் குவித்து அவன் மூக்குக்கு நேரே ஆட்டி ஆட்டி. அவன் திருப்பிக் கத்தினான். இவள் அதற்கும் மேலே கத்தினாள். தெருவே நின்று பார்த்தது. மேல் வீட்டுக் கிழவி ஒருத்தி இவள் பக்கம் சேர்ந்துகொண்டு கத்தினாள். கடைசியில் மீன்காரன் கையெடுத்துக் கும்பிட்டு, தங்கச்சி என்கிற மாதிரி ஏதோ சொல்லி வண்டியைத் தள்ளினான்.

கப்பலில் வந்தவர்கள், தேடி வந்ததைக் கண்டுவிட்ட மாதிரி, கைதட்டினார்கள். தொப்பிக்காரக் கிழவர் லக்ஷனாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, தன்னையும் அவளையும் சேர்த்து ஒரு படம் எடுக்கும்படி போனை யாரிடமோ நீட்டினார். இனி அவர் எழுதிக் கொடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லக்ஷனா என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். நானும் கையைக் காட்டினேன். அவள் மீன்காரனை ஏசியதில் பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை.