சக்களத்தியின் கைப்பிடி

முன்னறையில், செத்துப்போன லெமுவேலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் அவன் மனைவி ஓரா, அச்சு இயந்திரத்தின் இரும்புக் கைப்பிடியைச் சோளமாவுத் தொட்டிக்குள் அமுக்கிப் புதைத்துக்கொண்டிருந்தாள். அது இல்லாமல் கொல்லைக் கொட்டகையில் இருக்கும் இயந்திரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. 'லான்டர்ன்' இந்த வாரம் வராது.

வரக் கூடாது. அது அமெரிக்காவின் தெற்கே இருந்த இந்த ஊர்க் கறுப்பர்களுக்கென்று லெமுவேல் நடத்திய வாரப் பத்திரிகை. ஓராவுக்கு அது பத்திரிகையல்ல, சக்களத்தி. வெள்ளைக்காரர்கள் அச்செழுத்துப் பெட்டிகளை ஆற்றில் கொட்டிய வாரமும் வந்தாள். ஓராவின் குழந்தை செத்துப் பிறந்த வாரமும் வந்தாள். அன்று மை நாறும் கையோடு தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுத் தாள் மடிக்கப் போனவன்தான் லெமுவேல். அவனுக்காக ஓரா கறுப்பு உடுத்தி உட்கார வேண்டுமென்றால், அவளும்தான் ஒரு வாரம் உட்காரட்டுமே.

அச்சுக் கோக்கும் வெர்லீன் கொல்லைக் கதவில் நின்றாள்.

"அக்கா, கைப்பிடியக் காணோம்."

"என்னைக் கேட்டா? அவருக்கும் அந்தக் காயிதத்துக்கும் நடுவுல நான் என்னைக்கு வந்தேன்?"

"அக்கா..."

"யார் வீட்டுக்கு யார் விருந்து வந்தாங்க, யார் கேக் சுட்டாங்க, எல்லாம் போட்டாரே. எம் பேரு ஒரு தடவை வந்திருக்கா?"

"சொந்த வீட்டப் போட்டா ஊரு சிரிக்கும்பாரு."

"ஊரு சிரிக்கல. நான்தான் அழுதேன்."

அப்போது ரயில் போர்ட்டர் டாலிவர் சீருடையோடு படியேறினார். வாராவாரம் பத்திரிகைக் கட்டைச் சிக்காகோவுக்குக் கொண்டுபோகிறவர்.

"கட்டு ரெடியா? எங்க அந்த மனுசன், இன்னும் பிழை திருத்துறானா?"

வெர்லீன் முன்னறையைக் காட்டினாள். உள்ளே பார்த்தார். தொப்பி கைக்கு வந்தது.

"ஐயோ, தங்கச்சி. சிக்காகோல நம்ம ஊர்ச்சனம் ஸ்டேஷன்லயே காத்திருக்குமே. நான் வாயால சொன்னா எவன் நம்புவான்? லான்டர்ன்ல வந்தாத்தானே செத்தது செத்தது."

"டவுன் பேப்பர்ல போடச் சொல்லுங்க," என்றாள் ஓரா.

"அந்த வெள்ளைக்காரன் நம்மளப் போடணும்னா ஒண்ணு திருடணும், இல்ல தூக்குல தொங்கணும்," என்றாள் வெர்லீன். "இவரு தூக்கத்துல செத்துட்டாரு."

ஓரா முன்னறையைப் பார்த்தாள். எத்தனை தேய்த்தும் அவன் நகக்கண்ணில் மை போகவில்லை. சாகும்போதும் அந்தச் சக்களத்தியைத்தான் பூசிக்கொண்டு போகிறான். ஆனால் அவன் செத்ததையே உலகத்துக்குச் சொல்ல அவளை விட்டால் நாதியில்லை.

சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"எம் பேரு வரணும். வெள்ளைக்காரிக்குப் போடுற மாதிரி மிஸஸ் போட்டு வரணும். முதல் வரியா."

"போட்டுடுறேன், அக்கா."

மாவு உதிரும் கைப்பிடியை ஓராவே கொண்டுபோய்ப் பொருத்தினாள். வெர்லீன் சாவுச் செய்தியில் அந்த வரியைச் சேர்த்ததும் ஓராவே சுற்றினாள். டாலிவர் பத்திரிகைக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்.

வெர்லீன் ஒரு தாளை மடித்து நீட்டினாள். "இதை அவரு கோட்டுப் பையில வச்சுடுங்க. தான் செத்தா ஒண்ணு வைக்கணும்னு ஆசையா கேட்டிருந்தாரு."

ஓரா வாங்கிக்கொண்டாள். சமையலறைக்குப் போய், கறுப்புக் கட்டத்துக்குள் தன் பேர் இருந்த வரியை மட்டும் பார்த்துக் கிழித்தெடுத்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் வழிவிட, அதை அவன் கோட்டுப் பையில் வைத்துத் தட்டிவிட்டாள்.

மீதித் தாளைச் சுருட்டி அடுப்பில் திணித்தாள். வந்தவர்களுக்குக் காப்பி போட வேண்டியிருந்தது.