வாடகை ஒரு மணி நேரம்

என் தையல் வகுப்புக்கு விளம்பர வீடியோ எடுக்க ஒரு ஸ்டுடியோவை ஒரு மணி நேரம் வாடகைக்குப் பிடித்தோம். அதற்கு மேல் என் சேமிப்பு தாங்காது. செலவுக் கணக்கு முழுவதும் அக்காவின் பொறுப்பு. வாசலிலேயே எனக்குப் பவுடர் பூசிவிட்டு, "உள்ளே போனா மூச்சு விடறதுக்கும் வாடகைடி. மளமளன்னு பேசி முடி," என்றாள்.

பேசினேன். விளக்குகள் சூடாவதற்குள் முடித்தும்விட்டேன். கேமரா பிடித்த என் கணவர் பதிவைப் போட்டுப் பார்த்தார்.

"ரயில் போற மாதிரி இருக்கு. உன்னைக் கட்டின எனக்கே ஒண்ணும் புரியலை."

இன்னொரு தடவை எடுக்கலாம் என்று திரும்பினால், வெள்ளைத் திரைக்கு முன்னால் நாற்காலியில் அக்கா. கீழே காத்திருந்த அத்தானையும் மகள்களையும் குடும்பப் படம் எடுக்க அதற்குள் மேலே கூப்பிட்டுவிட்டாள்.

"காசு குடுத்த வெளிச்சம், சும்மா எரியலாமா? ஏங்க, வயித்தை உள்ளே இழுங்க!"

என் நேரத்துக்காக நானே வரிசையில் நின்றேன். சின்ன வயதிலிருந்தே அவள் எழுந்த பிறகுதான் எனக்கு நாற்காலி. அது அநியாயம் என்று தோன்றியதே இல்லை. வாடகை கொடுத்த பிறகுதான் தோன்றியது.

"எழுந்திரு அக்கா. இது என்னோட நேரம்."

அக்கா எழுந்தாள். அத்தான் இழுத்த வயிற்றை விட மறந்து அப்படியே நகர்ந்தார். இந்த முறை நிறுத்தி நிதானமாகப் பேசினேன். அக்காவிடமே அப்படிச் சொல்லிவிட்ட பிறகு, கேமரா என்னை என்ன செய்துவிடும்?