மூச்சு வராத பகல்

பகல் பதினொரு மணிக்குச் சண்முகசுந்தரத்தின் குறட்டை நின்றது. அடுக்களையில் இசக்கியம்மாளின் கையும் நின்றது.

கணவருக்குக் கன்னத்தில் வந்த புற்றுக்குச் சென்னையில் ஒன்றரை மாதம் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள். கட்டி கரைந்தது. நிலக்கரி மைன்ஸில் நைட் ஷிப்டுக்கும் திரும்பிவிட்டார். ஆனால் கழுத்து பலகையாக இறுகிப்போனது. அதற்குப் பிறகுதான், தூக்கத்தில் மூச்சு போய்ப் போய் வந்தது.

நைட் ஷிப்ட் ஆள் தூங்கும் வீடென்றால் அந்தக் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ரேடியோ பாடாது. கீரைக்காரிகூட வாய் திறக்காமல் போவாள். நோயிலிருந்து மீண்டவர் என்பதால் இவருக்குக் கூடுதல் சலுகை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நூர் நிஷா மசாலா இடிப்பதையே மாலைக்குத் தள்ளிவைத்திருந்தாள்.

இசக்கியம்மாள் கட்டிலருகே போனாள். மார்பு ஏறி இறங்கியது. அவர் மூக்கருகே விரல் வைத்தால் காற்றில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோலத் தொண்டைக்குழி பள்ளமாகியது. டைம்பீஸில் ஒரு நிமிடம் ஓடிவிட்டது. உதடு கறுத்தது. எழுப்பப் பதறி நீட்டிய கை தலைமாட்டுச் செம்பைத் தட்டிவிட்டது.

அந்தச் சத்தத்தில், கிணற்றுக்குள்ளிருந்து மேலே வந்தவர்போல அவர் காற்றை இழுத்தார். மறுபடி தூங்கிப்போனார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நல்லது செய்வதாக எண்ணி, அவரை உலுக்கக்கூடிய ஒவ்வொரு சத்தத்தையும் பிளாக்கே சேர்ந்து நிறுத்தியிருந்தது.

நூர் நிஷாவிடம் ஓடினாள்.

"நிஷா, உரல்ல எதையாவது போட்டு இடி."

"அண்ணன் தூங்கினு இருக்காரேக்கா?"

"அதுக்குத்தான் இடிக்கச் சொல்றேன்."

இடித்த இடியில் அவர் எரிச்சலோடு எழுந்தார். வறண்ட வாயைத் தண்ணீரால் நனைத்த பிறகுதான் பேச்சு வந்தது. ஆஸ்பத்திரி என்றதும் சிரித்தார். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதென்று சொன்னால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். தனக்கொன்றும் தெரியவில்லையே என்றார்.

இசக்கியம்மாள் வாதாடவில்லை. டைம்பீஸை அவர் மடியில் வைத்தாள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள்.

முள் நகர்ந்தது. அவள் முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. இருபத்தைந்து நொடியில் கையை எடுத்துவிட்டு இரைத்தாள். "எனக்கு இவ்வளவுதாங்க முடியுது. நீங்க அறுபது நொடி தாண்டியும் மூச்சில்லாம அப்படியே கெடந்தீங்க."

அவர் டைம்பீஸையே பார்த்தார். பிறகு சட்டையை எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் காற்றுக்கு அவர் தலை சாய்ந்தது. இசக்கியம்மாள் தொடையில் கிள்ளினாள்.

"இன்னும் ரெண்டே ஸ்டாப். பேசிக்கிட்டே வாங்க."


அவர் கண்ணை விரித்துப் பேசத் தொடங்கினார். வாய் வறண்டு, பாதிச் சொல்லில் சத்தம் நின்றது. இசக்கியம்மாள் அவசரமாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.