சானமாவில் நின்ற பாட்டு

லாரி சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தபோதுதான் மோகனப்ரியாவின் கண்ணில் அது பட்டது. மேசைமேல், கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில், லாரியில் மாட்டியிருக்க வேண்டிய ஃபியூஸ்.



ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டில் அவளும் கணவன் ஜெகதீஷும் வண்டிகளுக்கு சவுண்டு சிஸ்டம் மாட்டும் கடை வைத்திருந்தார்கள். கம்பெனியில் ஒயரிங் செக்‌ஷனில் வேலை பார்த்த கை அவளுடையது. அப்படிப்பட்டவள் செய்கிற காரியமா இது! தக்காளி ஏற்றுகிற சுரேந்தரின் லாரியில் பழைய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பெரிய ஆம்ப்ளிஃபையரும், சீட்டுக்குப் பின்னாலிருந்த படுக்கைக்கு அடியில் பேஸ் பெட்டியும் வைத்தாயிற்று. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்று, தரையில் புதிதாகப் போட்ட ஓட்டை வழியாக மேலே வந்தது. ஓட்டையின் விளிம்புக்கு ரப்பர் புஷ், பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ். இந்த இரண்டும்தான் பாக்கி.

"ராகு காலம் வந்துரும் ப்ரியா. சாமி பாட்டு ஒண்ணு போட்டு வுடு, பழத்தை நசுக்கட்டும்" என்று அவசரப்படுத்தினாள் சுரேந்தரின் அம்மா சாந்தம்மா.

பழத்தின்மேல் ஏறி இறங்கியதும் வண்டி நிற்கும், மிச்சத்தை முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து மோகனப்ரியா ஒயரை நேரடியாகப் பேட்டரியில் மாட்டினாள். பாட்டு கடையையே அதிர வைத்தது. சுரேந்தரோ கடிகாரத்தைப் பார்த்தான், நிற்காமல் அப்படியே ரோட்டில் ஏறிவிட்டான். மேடுபள்ளத்தில் சத்தம் பிசிறடிக்கிறதா என்று பார்க்க ஜெகதீஷும் உள்ளே இருந்தான்.

அவள் வாயைத் திறந்தாள். சாந்தம்மாவின் கை சட்டென்று வந்து அந்த வாயைப் பொத்தியது.

"போற வண்டிய பின்னாலருந்து கூப்புடாத! போன வருசம் அப்பிடி ஒருத்தி கூப்புட்டுத்தான் என் புள்ள வண்டியோட பள்ளத்துல போயி உழுந்தான்."

அந்தக் கையைத் தட்டிவிட எவ்வளவு நேரமாகும்? ஆனால் தட்டவில்லை. மரியாதை, பயம், அப்புறம் அந்தக் கிழவியின் கண்ணில் நின்ற தண்ணீர். லாரி மறைந்துவிட்டது.

சாந்தம்மாவை ஆட்டோ ஏற்றிவிட்டுச் சுரேந்தருக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எப்படிக் கேட்கும்? கேட்காதபடி மாட்டிக் கொடுத்ததே அவள்தானே! ஜெகதீஷின் போனோ கடையிலேயே சார்ஜில் கிடந்தது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

ஃபியூஸையும் புஷ்ஷையும் ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை முறுக்கினாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த ஓட்டையின் கூர் விளிம்பு ஒயரின் தோலைச் சீவிக்கொண்டிருக்கும். செம்பு இரும்பில் பட்டால் தீ. மின்சாரத்தைத் துண்டித்துத் தடுக்க ஃபியூஸ் இல்லை. ஜெகதீஷ் வேறு வண்டி அசைந்தாலே தூங்கிவிடுகிற ஆள், காதுக்குள் மேளம் அடித்தாலும் எழமாட்டான். அந்தப் படுக்கையில்தான் படுத்திருப்பான், ஒயருக்கு மேலேயே.

சானமாவு காடு தொடங்கும் இடத்தில் தூரத்தில் பாட்டு கேட்டது. தும் தும் என்ற அந்த அடி அவள் வைத்த பெட்டியுடையதுதான். பாட்டு ஓடுகிறவரை ஒயருக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஓடு, ஓடு" என்று வாய்விட்டே சொன்னாள்.

பாட்டு நின்றது.

வளைவில் திரும்பினால் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் எஞ்சினை அணைத்திருந்தன. முன்னால் ரோட்டின் குறுக்கே யானைகள். குட்டிகளை நடுவில் விட்டு, அவசரமில்லாமல் கடந்துகொண்டிருந்தன. வனக் காவலர் ஒருவர் ஓடிவந்து ஸ்கூட்டியைப் பிடித்தார்.

"சத்தம் காட்டாதம்மா. கொம்பன் நிக்குது. பாட்டையே இப்பத்தான் அணைக்கச் சொன்னேன்."

வரிசையின் முதல் வண்டி சுரேந்தருடையது. அவன் கீழே இறங்கி, மற்ற டிரைவர்களோடு வாயைப் பிளந்து யானையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டை அணைத்தால் என்ன? ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். லாரியின் கதவு இடுக்கிலிருந்து மெல்லிய புகை கிளம்பியதை அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பார்த்தாள். ஜெகதீஷ் வெளியே இல்லை.

காவலர் உதட்டில் விரலை வைத்தார். கொம்பன் இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றது. குரல் கொடுத்தால் யானை, கொடுக்காவிட்டால் தீ. வாயை மூடிக்கொண்டு ஒருமுறை நின்றது போதும்.

"ஜெகதீஷ்!"

நாலு பேர் முன்னால் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை அவள். "ஜெகதீஷ்! எந்திரி! தீ!"

கொம்பன் காதை விரித்தது. வண்டிக்காரர்கள் சிதறினார்கள். அவள் காவலரின் பிடியை உதறிவிட்டு யானை நின்ற திசையிலேயே ஓடினாள். லாரியின் பக்கவாட்டில் பேட்டரிப் பெட்டி. ஸ்பேனரை எடுக்க நேரமில்லை. மூடியைத் தள்ளி, கொதிக்கிற ஒயரை வெறுங்கையால் பிடித்துப் பிய்த்தாள். உள்ளங்கைத் தோல் ஒயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மேலே கதவு திறந்து ஜெகதீஷ் இருமியபடி உருண்டு விழுந்தான்.

கொம்பன் இரண்டடி எடுத்து வைத்தது. அவள் கணவன்மேல் கவிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மண்ணைச் சீய்க்கிற சத்தம். பிறகு அதுவும் இல்லை. கண் திறந்தபோது கடைசிக் குட்டியின் பின்னால் அது காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"எதுக்குடி இப்பிடிக் கத்துன?" என்றான் ஜெகதீஷ், பாதித் தூக்கத்தில். வெந்த கையைக் காட்டினாள். மறு கையால் பையிலிருந்த ஃபியூஸை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, கடையிலயே ஒரு குரல் குடுத்திருந்தா நின்னிருப்பனே!" சுரேந்தர் அழாத குறையாகச் சொன்னான். அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. பாட்டு இல்லாததால் இப்போது எல்லோருக்கும் கேட்டது. ஸ்பீக்கரை அழுத்தினான்.

"என்னாடா, நல்லபடியா போயிச் சேந்தியா?" சாந்தம்மாவின் குரலில் அப்படியொரு நிம்மதி. "சேந்திருப்ப. அந்தப் பொண்ணு பின்னாலருந்து கூப்புடப் பாத்தா, நான்தான் வாயைப் பொத்திட்டேன்."

மோகனப்ரியா நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.